வரக்காப்பொலயில் வாங்கிய தலகுலி

இது நடந்தது போன வருடம், கரவனெல்லப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில். நான் அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்தான் பிறந்தேன். டிப்ளோமா முடித்து, தோட்டத்துத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்திலேயே வேலைக்குச் சேர்ந்தேன். பௌசர் வண்டியில் வரும் மரப்பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது, அமோனியா சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதே வேலையை என்னோடு செய்தவர் பக்கத்து லயத்து அக்கா. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். எங்கள் இருவருக்கும் மேலே ஆய்வுகூடப் பொறுப்பாளராக ஒரு சேர் இருந்தார்.

எங்கள் லயத்துக்குப் பின்னால் உள்ள சரிவு ஆபத்தானது என்று எப்போதோ அறிவித்துவிட்டார்கள். மழை பிடித்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போவோம். மழை விட்டதும் அதே லயத்துக்குத் திரும்பி வருவோம். அரநாயக்கவில் மலை சரிந்த செய்தியைப் பார்த்த பிறகு, மழைச் சத்தம் கேட்டால் அம்மா தூங்குவதில்லை. மண் நகராத ஓர் இடத்தில் அம்மாவுக்கு ஒரு வீடு வேண்டும். அதற்காகத்தான் அவுஸ்திரேலியாவுக்குத் திறன் விசாவில் போக நினைத்தேன்.

வரக்காப்பொலயில் கண்டி வீதியோரமாக, ஒரு செருப்புக் கடையின் மேல்மாடியில் விசா எடுத்துத் தரும் ஒரு முகவரின் அலுவலகம் இருந்தது. போகும்போதே கேள்விகளை எழுதிக்கொண்டு போனேன். உங்கள் பதிவு எண் என்ன? விண்ணப்பக் கணக்கின் கடவுச்சொல்லை எனக்குத் தருவீர்களா? அனுப்பும் முன் நான் வாசித்துப் பார்க்கலாமா? எல்லாவற்றையும் சிங்களத்தில் எப்படிக் கேட்பது என்று பஸ்ஸிலேயே சொல்லிப் பார்த்திருந்தேன்.

யாருடனோ சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்த முகவர், என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார்.

"எந்தத் தோட்டம் தங்கச்சி? மேல் டிவிசனா, கீழ் டிவிசனா? அட, எங்க சித்தப்பா அங்கதான் கங்காணியா இருந்தாரு. சின்ன வயசுல ஒங்க கோயில் தேருக்கு வந்திருக்கேன்."

எங்கள் பக்கம் வங்கியோ, பொலிஸோ, ஆஸ்பத்திரியோ, எங்கு போனாலும் சிங்களத்தில்தான் பேச வேண்டும். எங்களுக்கு அது நன்றாக வரும். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து ஒருவர் எங்கள் தமிழில் பேசியதும் எனக்குள் ஏதோ இளகிவிட்டது. பதிவு எண்ணை மட்டும் கேட்டேன். "நம்ம புள்ளைங்களுக்குச் செய்யிறேன், நம்பருக்கு என்ன அவசரம்?" என்று சிரித்தார். அடுத்த கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருந்தது.

எழுந்து வரும்போது இன்னொன்றும் சொன்னார்.

"விசா கையில வர்ற வரைக்கும் யாருக்கிட்டயும் மூச்சு விடாதீங்க. நம்ம லயத்து ஆளுங்களத் தெரியுந்தானே? கண்ணு பட்டுடும்."

அது எனக்குப் புதிதாகப் படவில்லை. வெளிநாடு போகிறவர்கள் எங்கள் லயங்களில் முன்கூட்டிச் சொல்வதே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் குவைத்துக்குப் போனதையே, அவள் அங்கிருந்து போன் எடுத்த பிறகுதான் தெரிந்துகொண்டோம். என் சான்றிதழ்க் கோப்புக்கே அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்.

அதனால் அக்காவிடமும் சொல்லவில்லை. வேலைக்கு ஒன்றாக நடந்து போவோம், ஒன்றாகத் திரும்புவோம். வீட்டுச் சண்டை, வயிற்று வலி, யாருக்கு யார் போன் எடுக்கிறார்கள் என்பது வரைக்கும் பேசுவோம். இதை மட்டும் மறைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கேகாலைக்கு ஆங்கில வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வரக்காப்பொலைக்குப் போனேன். ஒரு முறை ஆசைப்பட்டு அந்த ஊரின் எள்ளு இனிப்பான தலகுலியை வாங்கிவிட்டேன். பஸ் ஏறிய பிறகுதான், கேகாலைக்குப் போனவள் கையில் இது எப்படி வந்தது என்று அக்கா கேட்பாரே என்று உறைத்தது. வீட்டில் ஒளித்து வைத்தே தின்று முடித்தோம்.

சில வாரம் கழித்து, தேநீர் நேரத்தில் அக்கா ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே தலகுலி.

"ஏதுக்கா?"

"மாமா வந்தாரு புள்ள. வாயத் தொறந்தா திங்கிறதுக்குத் தொற, கேள்வி கேக்கத் தொறக்காத."

சிரித்துக்கொண்டே தின்றேன். பாலில் துளி தண்ணீர் கலந்திருந்தாலும் கண்டுபிடிக்கிற எனக்கு, அன்று ஒன்றும் தோன்றவில்லை.

பிறகு ஒரு நாள் காலை, ஆய்வுகூடத்தில் இருந்தபோது வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. வெளியே போய், பௌசர் கழுவும் இடத்துப் பலா மரத்தடியில் நின்று பேசினேன். ஒரு பெண், அவுஸ்திரேலிய விசா அலுவலகத்திலிருந்து என் விண்ணப்பத்தைச் சரிபார்ப்பதாகச் சொன்னார். உங்களுக்குக் கீழே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். யாரும் இல்லை என்றேன். ஆய்வுகூடத்துக்கு நீங்கள்தானே பொறுப்பாளர் என்றார். இல்லை, நான் பரிசோதனை செய்பவள் என்றேன். பிறகு, அதே தொழிற்சாலையில் அதே பதவியில் அதே காலத்தில் இருந்ததாக வேறொருவரும் கடிதம் கொடுத்திருக்கிறாரே, அது எப்படி என்றார். தெரியாது என்றேன்.

போனை வைத்துவிட்டு உள்ளே வந்தேன்.

"என்னா, மாப்பிள்ள வீடா? மூஞ்சி வெளுத்துப் போச்சு" என்று அக்கா கிண்டல் செய்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய போன் அடித்தது. எண்ணைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், அதே பலா மரத்தடியில் நின்றார். கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்த முகத்தோடுதான் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போனது.

திரும்பி வந்தவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"வரக்காப்பொலயாக்கா?"

அக்கா போனை மேசையில் வைத்தார்.

"நீயுமா புள்ள?"

முகவருக்குப் போன் எடுத்தோம். அவருக்குக் கோபம் என் மேல்தான்.

"ஏன் தங்கச்சி உண்மையச் சொன்னீங்க? ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேல முடிஞ்சிருக்கும்."

அக்கா போனைப் பிடுங்கினார். "டேய், ஒரே கதிரையில எங்க ரெண்டு பேரையும் ஒக்கார வச்சிட்டியேடா!" இணைப்புத் துண்டிக்கப்பட்டது.

நாங்கள் கொடுத்த உண்மையான சேவைக் கடிதங்களை ஒதுக்கிவிட்டு, சேருடைய பதவியைப் போட்டு முகவரே இரண்டு கடிதங்கள் தயாரித்திருக்கிறார். ஒரே தொழிற்சாலைக்காரர்கள் என்று தெரிந்தும் அப்படிச் செய்திருக்கிறார். எங்கள் ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அடுத்த ஞாயிறு இருவரும் ஒன்றாக வரக்காப்பொலைக்குப் போனோம். மேல்மாடி பூட்டியிருந்தது. செருப்புக் கடைக்காரர் எங்களைப் பார்த்ததுமே, "கியா, நங்கி" என்றார். போய்விட்டான் தங்கச்சி என்று அர்த்தம். பொலிஸில் முறைப்பாடு எழுதினோம். இன்றுவரை ஒரு பதிலும் இல்லை.

போலிக் கடிதங்கள் எங்கள் பெயர்களில் போயிருந்ததால் இருவருக்கும் விசா மறுக்கப்பட்டது. சில வருடங்களுக்கு மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது. எனக்கு வயது இருக்கிறது. அந்தத் தடை முடியும்போது அக்காவுக்கு வயதுக்கான புள்ளிகள் குறைந்துவிடும், பிறகு தகுதி வராது. அதை அவரே கணக்குப் பார்த்துச் சொன்னார், தராசில் மாதிரியை நிறுத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல்.

இந்த வருட மழைக்கும் பள்ளிக்கூட மண்டபத்தில்தான் இருந்தோம். என் பாயும் அக்காவின் பாயும் பக்கத்தில் பக்கத்தில். கீழ் டிவிசனிலிருந்து வந்த ஒரு பெண், தாதியர் படிப்பு முடித்தவள், பிள்ளைகளுக்கு இனிப்புப் பகிர்ந்துகொண்டிருந்தாள். தலகுலி. வரக்காப்பொலயில் இன்னொரு முகவர் முளைத்துவிட்டாரோ என்று பட்டது. பக்கத்தில் கூப்பிட்டு, எங்கள் கதை முழுவதையும் சொன்னேன். கடவுச்சொல்லை வாங்கு, கடிதத்தை நீயே வாசி, பதிவைச் சரிபார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் தலைகுனிந்து கேட்டாள்.

"ஒங்களுக்குக் கெடைக்கலன்னு எனக்கும் கெடைக்கக் கூடாதாக்கா?"

பையை மூடிக்கொண்டு அவள் இடத்துக்குப் போய்விட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. போன வருடம் யாராவது இதையே என்னிடம் சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் போயிருப்பேன். கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா வழக்கம்போல் உட்கார்ந்தே இருந்தார். தினமும் ஒரே பாதையில் சேர்ந்து நடந்த இருவர், ஒரே ஒரு காலையில் வாய் திறந்திருந்தால் தப்பியிருக்கலாமே என்ற நினைப்பு, ஒவ்வொரு மழைக்கும் அந்தப் பாயோடு சேர்ந்து எனக்கு விரிகிறது.