ஒற்றை அறைப் படகு

காற்றைப் பற்றிப் பேசி என் அத்தானை யாரும் ஜெயிக்க முடியாது. பஞ்சர் கடை வைத்திருக்கிறார். டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்ப்பதெல்லாம் கற்றுக்குட்டிகள் வேலை என்பார். கன்னத்துக்குப் பக்கத்தில் டியூபை மெதுவாகச் சுற்றுவார், ஓட்டை எங்கே என்று கன்னமே சொல்லிவிடும். அக்கா பேசுவதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுகிற மனிதர், தெருவில் நிற்கும் சைக்கிளில் காற்று இறங்கினால் சோற்றில் கை வைத்தபடியே நிமிர்ந்து பார்ப்பார். "அக்கா, நீயும் உஸ்ஸுன்னு பேசிப் பாரேன்" என்று கேலி செய்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் அவருக்கு நேர் எதிர். அச்சகத்தில் புத்தகம் தைக்கிற வேலை, பேச்சு குறைவு. சகலைகள் இருவரும் ஒத்துப்போனது மீன்பிடிப்பதில்தான். லீவு நாளானால் ஊருக்கு வெளியே உள்ள நீர்த்தேக்கத்தில் தூண்டிலோடு உட்கார்ந்துவிடுவார்கள். கரையில் கிடைப்பதெல்லாம் பொடி மீன். பெரியதெல்லாம் நடுவில் துள்ளி வெறுப்பேற்றும். கடைசியில் காற்றடைக்கிற ரப்பர் படகு ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தார்கள். இருவருக்கும் நீச்சல் தெரியாது. அதனால்தான் கடைக்கு நானும் ஒட்டிக்கொண்டு போனேன்.

கடையில் இரண்டு படகுகளை ஊதி வைத்திருந்தார்கள். ஒன்றில் மூன்று தனித்தனிக் காற்றறைகள், மூன்று வால்வுகள். இன்னொன்றில் சுற்றிலும் தடிமனாக ஒரே குழாய், ஒரே வால்வு. கடைக்காரர் முதல் படகைத்தான் காட்டினார். அத்தான் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"எத்தனை வால்வு, எத்தனை ஒட்டு! எல்லாமே காத்து போற எடம்" என்றார். இரண்டாவது படகைச் சுற்றி மண்டியிட்டு வந்து, ஒட்டு முழுவதும் கன்னத்தை வைத்துப் பார்த்தார். "இது பாரு, சுத்தம்."

"அத்தான், ஒரு அறை போனா மத்த ரெண்டும் தாங்கும்ல?" என்று கேட்டேன்.

"ஏன் போகணும்? லாரி டயர்ல எத்தனை டியூப் இருக்கு? அது ஓடலையா?"

"லாரி ரோட்டுல ஓடுது. டயர் போனா ஓரமா நிறுத்தலாம். தண்ணியில எங்க நிறுத்துவீங்க?"

"போனாத்தானே? போனாலும் நான் எதுக்கு இருக்கேன்?" என்று சிரித்தார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "அண்ணனுக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டுப் படகின் மறுமுனையைத் தூக்கினார். எனக்கு எரிச்சலாக வந்தது. சண்டை போட்டு இரண்டு லைஃப் ஜாக்கெட் வாங்க வைத்தேன், என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததை அத்தான் வாயாலேயே கேட்டேன். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். அன்று பார்த்து அது எனக்குத் தண்டனையாகப் போயிற்று.

நல்ல வெயில். வேர்க்கிறது என்று ஜாக்கெட்டைக் கழற்றி அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசைப்பட்டபடியே பெரிய மீன் மாட்டியது. உள்ளே இழுத்துப் போட்டதும் அது துள்ளிய துள்ளலில் தூண்டில் முள் குழாயின் மேல்பக்கத்தில் குத்தி, இரண்டு விரல் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். துணி துவைக்கிறவர்களின் பேச்சுக்கூடக் கேட்டதாம். அப்போதே துடுப்புப் போட்டிருந்தால் முழங்கால் நனைய இறங்கி வந்திருப்பார்கள்.

அத்தானின் பையில் உப்புத்தாளும் சொல்யூஷனும் ரப்பர்த் துண்டும் இருந்தன. எங்கே போனாலும் இருக்கும். கிழிசலை ஒரு கையால் பொத்திக்கொண்டு, சட்டையால் ஈரத்தைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவியிருக்கிறார். தடவினால் அது காய வேண்டும். காயாமல் ஒட்டினால் நிற்காது. இத்தனை வருஷமும் அப்படித்தான் ஒட்டியிருக்கிறார். காற்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"துடுப்புப் போடட்டுமா அண்ணேன்னு தம்பி கேட்டான்" என்றார் அத்தான். "ஆடாதடா, சொல்யூஷன் காயட்டும்னேன். பேசாம துடுப்பை மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டான்."

காய்ந்ததும் ரப்பர்த் துண்டை வைத்து அழுத்தி ஒட்டி முடித்தார், அதற்குள் காற்று முக்கால்வாசி போயிருந்தது. படகு நடுவில் மடிந்து இருவரையும் கவிழ்த்துவிட்டது. ஒரு ஜாக்கெட் அத்தான் கைக்குக் கிடைத்தது. வலைக்காரர் ஒருவர் வந்து அவரைத் தூக்கிக் கரையில் போட்டார். என் வீட்டுக்காரரை மறுநாள்தான் எடுத்தார்கள்.

நான் அழுதேன், கத்தினேன், பிறகு அக்கா வீட்டுப் பக்கமே போகவில்லை. அக்காதான் ஒருநாள் வந்து நின்றாள். "கடையத் தொறந்துட்டு சும்மாவே உக்காந்திருக்காருடி. யாரு வண்டியையும் தொட மாட்டேங்கறாரு. நீ வந்து நாலு வார்த்தை திட்டிட்டாவது போ. உன் வாயால கேட்டாத்தான் அந்த மனுஷன் தேறுவாரு."

போனேன். திட்டுவதற்கு என்னிடம் பஞ்சமா? அக்காவோடு நடந்த வழியெல்லாம் சேர்த்துக்கொண்டே போனேன். கம்ப்ரஸர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, அடி வாங்கப்போகிறவர் மாதிரி கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். சேர்த்து வைத்ததெல்லாம் எங்கே போயிற்றோ, என் வாயிலிருந்து வேறு ஏதோ வந்தது.

"அத்தான், நீங்க போட்ட அந்த ஒட்டு நின்னுச்சா?"

அவர் தரையைப் பார்த்தார். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"நின்னுச்சும்மா" என்றார். "தம்பிய அவங்க தேடிக்கிட்டு இருந்தப்பவே, படகைக் கரையில போட்டுக் காத்தடிச்சுப் பாத்தேன். பொட்டுக்கூடக் கசியல."

நிற்கவில்லை, கை தவறிவிட்டது என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே மன்னித்திருப்பேன். அக்காவின் கையை எடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.