வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

பட்டையும் சோம்பும் பொரியும் வாசம் வந்தால் துபாய் கராமா ஏரியா ரூம் ஞாபகம் வருகிறது. அங்கே என்னோடு தங்கியிருந்த ஹமீது பாயும் நானும் ஒரே பேரூராட்சிக்காரர்கள். ஊரை ஒரு வாய்க்கால் பிரிக்கும். கீழ்க்கரை அவருக்கு, மேல்கரை எனக்கு. பாலம் தாண்டிப் பழகியதே இல்லை. துபாய் அடுப்படியில்தான் அவர் எனக்குக் கீழ்க்கரை மீன் மார்க்கெட்டைப் பேச்சிலேயே சுற்றிக்காட்டினார், நான் அவருக்குத் தேரடியை. ஏங்கி ஏங்கியே ஊரை முழுசாக்கினோம்.

வேலை கலாஸ், முடிந்துபோச்சு என்று அவர் நிரந்தரமாக ஊர் கிளம்பிய அன்று, படுக்கையில் கிடக்கும் என் அம்மாவைப் பார்த்துவரச் சொன்னேன். எனக்கு லீவு கிடைக்கவில்லை.

"உங்க தெருவுக்கு எங்காளுங்க வந்ததில்லையே, மாப்ளே. யாருன்னு கேட்டா?"



"என் ரூம்காரர்னு சொல்லுங்க பாய். போன்ல என்னைவிட உங்களைத்தான் அம்மா அதிகம் விசாரிக்கும்."