கூலிங் இல்லாத பீர்

சென்னையில் கூலிங் இல்லாத பீரை விற்பது சித்திரை வெயிலில் கம்பளி விற்பதைவிடக் கஷ்டம். முகம் சுளிக்கும் வாடிக்கையாளர் முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான்.

வெளிநாட்டு பீர் இறக்குமதி செய்யும் கம்பெனியில் நான் விற்பனைப் பிரதிநிதி. என் தலையில் கட்டப்பட்டது ஸ்டவுட் என்ற கன்னங்கரிய பீர். விஸ்கி இருந்த மரப்பீப்பாயில் ஒரு வருடம் ஊறியது, சாதாரண பீரைவிட இரண்டு மடங்கு வீரியம். ரொம்பக் குளிர்ந்தால் ருசி செத்துவிடும். தி.நகர் ஹோட்டல் ஒன்றின் பாரில் நான்கு சனிக்கிழமை மாலைகள் இதை ருசி பார்க்கக் கொடுக்க வேண்டும். பார் மேனேஜர் ஜெயசீலன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஒரு தடவை குடித்தவர் யாராவது, நான் வற்புறுத்தாமல், மறுபடி கேட்க வேண்டும். கேட்டால் பீர் மெனுவில் ஏறும், என் வேலையும் நிரந்தரமாகும். கேட்காவிட்டால் இரண்டும் கிடையாது.

ஐஸ்

முதல் வாரம் அடையாறிலிருந்து ஒரு மென்பொருள்காரர் வந்தார். "காபி, கருப்பட்டி வாசம் வரும், மெதுவா முகர்ந்து பாருங்க" என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார், பக்கத்து மேஜைக்கு எட்டிப்போய் மூன்று ஐஸ் கட்டிகளை எடுத்துக் கிளாஸில் போட்டார். "ஐயோ சார், ஐஸ் போட்டா ருசி போயிடும்" என்றேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "அதுக்குத்தாங்க போட்டேன்."

ஒரே மடக்கு

அடுத்த வாரம் ஊரூர் குப்பத்து அண்ணன் ஒருவர், படகுக்குப் புது இன்ஜின் வாங்கிய குஷியில் வந்திருந்தார். ஊற்றிக் கொடுத்ததும் அண்ணாந்து ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். இதை அரை மணி நேரம் வைத்துச் சொட்டுச் சொட்டாகக் குடிக்க வேண்டும் என்று விளக்கினேன். என்னைப் பார்த்து உண்மையாகவே பரிதாபப்பட்டார். "இன்னாம்மா நீ, கஷாயத்த மூக்கப் புடிச்சிக்கினு ஒரே மடக்குல குடிக்கணும், சப்பிக்கினு இருந்தா எப்டி எறங்கும்?"

மாடி வீட்டு மாமா

மூன்றாவது வாரம் தட்டோடு திரும்பினால், எதிரே நின்றவர், கோபாலபுரத்தில் எங்கள் மாடி வீட்டில் குடியிருக்கும் மாமா! நான் இப்படி ஒரு வேலை பார்ப்பது அவருக்குத் தெரியாது. அவர் இப்படி ஒரு இடத்துக்கு வருவது மாமிக்குத் தெரியாது. இரண்டு பேரும் திருதிருவென்று விழித்தோம். பிறகு அவரே ஒரு கிளாஸ் எடுத்துக் குடித்துவிட்டு, காதருகே குனிந்தார். "நீயும் என்னைப் பாக்கலை, நானும் உன்னைப் பாக்கலை. ஆனா இது நன்னாவே இல்லைடி கொழந்தே."

கடைசி சனிக்கிழமை

வேலை நிரந்தரமாகப்போகிறது என்று வீட்டில் முன்கூட்டியே பீற்றிக்கொண்டது என் தப்பு. பயமாக இருந்தது.

ஆறு மணிக்கு மயிலாப்பூர்க்காரர் ஒருவர் இரண்டு நண்பர்களோடு நுழைந்தார். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முந்தின வாரம்தான் இந்த பீரைக் குடித்துவிட்டு, "இதைக் குடிக்கறதுக்கு வேப்பெண்ணெய் தேவலை" என்று போனவர். சண்டைக்குத்தான் வருகிறார் என்று தட்டை மறைத்தேன். அவர் நேரே பாட்டிலைக் காட்டி, மூன்று விரலை நீட்டினார். ஜெயசீலன் கவுன்ட்டரிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

"ஒரு வாரமா சொல்லிண்டிருக்கேன், இவ்வளவு மோசமா ஒரு பீர் இருக்குன்னு, இவா நம்பமாட்டேங்கறா. இவாளுக்கு ஊத்துங்கோ. எனக்கும் ஒண்ணு. சரியா திட்டணும்னா மறுபடி குடிச்சுப் பாக்கணுமோல்லியோ?"

இது கணக்கில் சேருமா என்று ஜெயசீலனிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "மறுபடி கேக்கணும்னுதான் சொன்னேன். பிடிச்சுக் கேக்கணும்னு சொல்லலையே."

நல்ல பீர் என்று நான் நான்கு வாரம் தொண்டை கிழியச் சொல்லியும் விற்காததை, மோசமான பீர் என்று சொல்லி ஒரு மனிதர் ஐந்து நிமிடத்தில் விற்றுக் கொடுத்துவிட்டார்.