என் மகளைப் பார்த்துக் குரைக்காத நாய்

ஏற்காட்டில் மார்கழி பிறந்துவிட்டால் என் மூச்சு என் பேச்சைக் கேட்காது. கம்பளி, மப்ளர், வெந்நீர் என்று அடுப்படியை விட்டு நகர மாட்டேன். நாங்கள் பிறந்து வளர்ந்தது திருச்செங்கோட்டுப் பக்கம். கணவருக்குக் காபி எஸ்டேட்டில் வேலை கிடைத்து மலையேறியவர்கள், அப்படியே தங்கிவிட்டோம். குளிர் மட்டும் இன்றுவரை எனக்குப் பழகவில்லை.

போன மார்கழியில், பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் அவளுடைய பெரிய மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். முப்பதைத் தாண்டியவள். ஒரே பிள்ளை. வந்த வரன்களையெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தவள். வந்த மறுநாள் காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "எதுக்கும்மா இந்தக் குளிர்ல இருமிக்கிட்டு உக்காந்திருக்கே? எங்கூட வண்டியில வா. நாலு நாள் கீழ வெயில்ல இருந்துட்டு வரலாம்" என்றாள்.

எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போகச் சொன்னாலே முகத்தைத் தூக்குகிறவள் இவள். இவளுக்குத் திடீரென்று அம்மா மேல் இத்தனை கரிசனம் எங்கிருந்து வந்தது?

சந்தேகப்படுவது என் தொழில் என்றே சொல்லலாம். சொந்தத்தில் யாருக்கு வரன் வந்தாலும் விசாரிக்க என்னைத்தான் அனுப்புவார்கள். மாப்பிள்ளை ஊருக்குப் போய், யார் வீட்டையோ தேடி வந்தவள் மாதிரி பால்காரரிடம் பேசுவேன், மளிகைக்கடையில் கால் கிலோ பருப்பு வாங்குவேன், பக்கத்து வீட்டுத் திண்ணையில் தண்ணீர் வாங்கிக் குடிப்பேன். திரும்பும்போது அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை என் கையில் இருக்கும். நான் வேண்டாம் என்று சொன்ன இடத்தில் யாரும் பெண் கொடுத்ததில்லை.

கணவரால் வர முடியாது, காபிப் பழம் பறிக்கிற சமயம். "பொண்ணு கூப்பிடறா, போயிட்டு வாயேன்" என்றார். அவருக்கு எதுவும் தெரியாது என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மகள் எனக்காக ஒரு ஹெல்மெட் வாங்கி வந்திருந்தாள். போட்டுப் பார்த்தேன், அளவெடுத்தது போல் இருந்தது. அப்படியென்றால் இந்தப் பயணம் நேற்றோ இன்றோ யோசித்தது இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள்.

கொண்டை ஊசி வளைவுகளில் அவள் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டே இறங்கினேன். அடிவாரத்தில் வெயில் முதுகில் விழுந்தது. சேலம் அஸ்தம்பட்டி வருவதற்குள் ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லி உடம்பு கேட்டது. நெஞ்சுக்குள் விசில் அடித்துக்கொண்டிருந்தது நின்றிருந்தது. அந்தச் சுகத்தைக்கூட என்னால் முழுசாக அனுபவிக்க முடியவில்லை, ஏனென்றால் அஸ்தம்பட்டியில் அவள் வண்டியை ஒரு பழக்கடை முன்னால் நிறுத்தினாள். ஆப்பிள், மாதுளை, ஆரஞ்சு என்று பொறுக்கி எடுத்தாள். யாருக்கு என்று கேட்டேன். கூட வேலை செய்கிறவரின் அம்மா வீட்டில்தான் தங்கப் போகிறோம், ஆற்றோரத்தில் தோட்டம், கரும்பாலை எல்லாம் உண்டு, வெறுங்கையோடு போகலாமா என்றாள். கூட வேலை செய்கிறவர் ஆணா பெண்ணா என்பதை விட்டுவிட்டாள். நானும் அதைக் கவனிக்காதவள் போல இருந்துகொண்டேன்.

சங்ககிரி தாண்டி ஒரு புளியமரத்தடியில் டீ குடிக்க நிறுத்தினோம். அவளுக்கு போன் வந்தது. என்னிடமிருந்து தள்ளிப் போய், மரத்துக்குப் பின்னால் நின்று பேசினாள். நான் ஸ்வெட்டரை வைக்கும் சாக்கில் அவள் பையைத் திறந்தேன். உள்ளே என்னுடைய நல்ல பட்டுச்சேலை, மடிப்புக் கலையாமல் இருந்தது. வெயில் காயப் போகிறவளுக்குப் பட்டுச்சேலை எதற்கு? வேலையை விட்டுவிட்டாளா? வெளிநாடு போகிறாளா? உடம்புக்கு ஏதாவது வந்து, என்னிடம் சொல்லத் தெரியாமல் ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாளா? ஆஸ்பத்திரிக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு யாரும் போவதில்லை என்பதுகூட அப்போது உறைக்கவில்லை. எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்ளலாம். என்னிடம் மறைக்கிறாள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

பள்ளிபாளையம் வந்தது. பாலம் ஏறினால் ஈரோடு. அவள் பாலம் ஏறாமல் இடது பக்கம் ஆற்றோரச் சாலையில் திரும்பியபோது என் பாதி உயிர் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரி இல்லை. மீதி உயிர் இன்னும் அந்தரத்தில் இருந்தது.

கரும்புக் காடுகளுக்கு நடுவே அந்த வீடு. வாசலில் வண்டி நின்றதும் ஒரு செவலை நாய் பாய்ந்து வந்தது. என்னைப் பார்த்துக் குரைத்த குரைப்பில் நான் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. ஆனால் என் மகளிடம் போய் அவள் முழங்காலில் மூஞ்சியைத் தேய்த்தது. அவள் சட்டென்று அதைத் தள்ளிவிட்டாள். நாய்க்கு நடிக்கத் தெரியவில்லை. மறுபடியும் போய்த் தேய்த்தது.

அந்த வீட்டம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். "வாங்க வாங்க, வெயில்ல வந்திருக்கறீங்க, மொதல்ல உள்ள வாங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். நல்ல கை, வேலை செய்து காய்த்த கை. அவருடைய வீட்டுக்காரர் ஆலையில் இருந்து எட்டிப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். முகம் கழுவ வேண்டும் என்றேன். என் மகள், "இந்தப் பக்கம்மா" என்று என்னைக் கொல்லைக்கு அழைத்துப்போய், கதவுக்குப் பின்னால் மறைவாக இருந்த சுவிட்சைப் பார்க்காமலேயே போட்டாள்.

கூடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். சுவரில் வரிசையாகப் படங்கள். நடுவில் ஓர் இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. அதற்குக் கீழே, ஒரு படம் இருந்த அளவுக்குச் சுண்ணாம்பு வெளுப்பாகத் தெரிந்தது. பிள்ளைகள் எத்தனை பேருங்க என்று பேச்சுவாக்கில் கேட்டேன். ஒரே பையன், பெங்களூரில் வேலை, லீவு கிடைக்கவில்லை என்றார். அந்த ஒரே பையனின் படம் அந்தச் சுவரில் எங்கேயும் இல்லை. பிறகு உங்கள் கூட்டம் எதுங்க என்று கேட்டேன். எங்களில் ஒரே கூட்டம், அதாவது ஒரே குலப்பிரிவு, என்றால் அண்ணன் தம்பி முறை, கல்யாணப் பேச்சுக்கே இடமில்லை. அவர் சொன்ன கூட்டம் எங்களுக்குப் பெண் கொடுக்கிற, எடுக்கிற கூட்டம்.

எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு பையன் இருக்கிறான், அவனுக்கு என் பெண்ணைக் கேட்கப் போகிறார்கள், இவளும் அதற்கு உடந்தை. ஆனால் படத்தை ஏன் கழற்ற வேண்டும்? நல்ல சரக்கை யாராவது ஒளித்து வைப்பார்களா? ஏற்கெனவே ஒருத்தியைக் கட்டி விட்டவனாக இருக்கும், குடிகாரனாக இருக்கும், என்ன எழவோ. இவள் ஏமாந்து நிற்கிறாள். அம்மா மூக்கை நுழைத்தால் வெளிச்சமாகிவிடும் என்றுதான் விசாரிக்க விடாமல் நேரே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள். என் பெண்ணை எப்படியாவது இதிலிருந்து கழற்றிக்கொண்டு போவது என்று முடிவு செய்தேன்.

சாயங்காலம் ஆலைக்குக் கூட்டிப்போனார். பொங்கலுக்கு வெல்லம் காய்ச்சுகிற நேரம். பெரிய கொப்பரையில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்புச் சூடு என் நெஞ்சுக்கு இதமாக இருந்தது. என் மகள் தூரத்தில் கரும்புச் சக்கையின் மேல் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தம்மா இளம்பாகை ஒரு தட்டில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "உங்க பொண்ணுக்கு எடம் ஏதாச்சும் பாக்கறீங்களாங்க?" என்றார்.

இல்லை, வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்வது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். நல்ல காரியத்துக்கு முன்னால் குலசாமி கோயிலில் பூக் கேட்பது வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் பொதிந்து சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். சாமி வேண்டாம் என்றுவிட்டால் யாருக்கும் யார் மேலும் வருத்தமில்லை.

"பாக்கலாம்னுதான் இருந்தமுங்க. குலசாமிகிட்டப் பூக் கேட்டோம். செவப்புத்தான் வந்துச்சு. இவளுக்குக் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு வாக்கு" என்றேன். பாகை நக்கிக்கொண்டே சொன்னேன். நாக்குக் கூசவே இல்லை.

அவர் கொப்பரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "சாமி சொன்னதுக்கு மேல நம்ம என்னுங்க பண்ண முடியும்" என்றார். ராத்திரி சாப்பாடு போடும்போது என் இலையைத்தான் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. காரியம் முடிந்தது என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் என் மகள் வந்து எழுப்பினாள். கண் வீங்கியிருந்தது. "எப்பம்மா பூக் கேட்டே?" என்றாள்.

நான் தலைமுடியை முடிந்துகொண்டேன். அவள் என் மடியில் ஒரு படத்தை வைத்தாள். சட்டம் போட்ட படம், சுவரில் இருந்து கழற்றியது. அந்தம்மா, வீட்டுக்காரர், நடுவில் ஒரு பையன், ஒல்லியாக, காது கொஞ்சம் பெரிதாக. அவன் பக்கத்தில் என் மகள். அவள் கை முழங்கை வரைக்கும் வெல்லம். வாயை முழுக்கத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முந்தின பொங்கலுக்கு எடுத்தது. லீவு இல்லை என்று சொல்லி அவள் எங்கள் வீட்டுக்கு வராத பொங்கல்.

ஒளித்து வைத்தது பையனை இல்லை, என் மகளை. இவள் இப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது என்று நினைத்துப் பார்த்தேன், ஞாபகத்துக்கு வரவில்லை. அந்தப் பையன் மேல் கோபமும் அந்தம்மா மேல் பொறாமையும் வந்தன. என் பெண் என்னை விட்டுவிட்டு இன்னொருத்தி வீட்டில் பொங்கல் கொண்டாடியிருக்கிறாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ விசாரிப்பே. பாக்க மாட்டே" என்றாள். "மொதல்ல இவங்களப் பாக்கட்டும், பழகட்டும், அப்புறமாச் சொல்லிக்கலாம்னுதான் கூட்டியாந்தேன். அவன வர வேண்டாம்னு சொன்னதும் நாந்தான். நீ பட்டுச்சேல கட்டிக்கிட்டு, நாளைக்கு அவங்க முறையாப் பேசறதா இருந்துச்சு."

இப்போது அந்தம்மா மறுக்கிறாராம். விடிந்ததும் இவளைக் கூப்பிட்டு, குலசாமி வாக்கை மீறி எங்கள் குடும்பத்தில் யாரும் எதுவும் செய்ததில்லை, மீறினால் உனக்குத்தான் ஏதாவது ஆகும், மனசைத் தேற்றிக்கொள் சாமி என்று, பெற்ற பிள்ளையைக் கொஞ்சுவது போல் 'சாமி' போட்டுச் சொல்லி அழுதாராம். பையனிடமும் போனில் சொல்லிவிட்டாராம். நான் சொன்னதை அந்த மனுஷி அப்படியே நம்பியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் வாயில் வருகிற பொய் அது. அதை நம்புகிற ஆள் ஒருத்தர் இருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை.

என்ன செய்வது என்று மகள் கேட்கவில்லை. பையில் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். என் பட்டுச்சேலையை அடியில் வைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

ஆலைக்குப் போனேன். அந்தம்மாவும் வீட்டுக்காரரும் இருந்தார்கள், வெல்லம் பிடிக்கிற பெண்கள் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் போகிற மாதிரி தெரியவில்லை. சாமி பேரில் பொய் சொன்னவள் என்று இந்த ஆற்றோரம் முழுக்க என் பேர் நாறப் போகிறது. என் மகள் எனக்குப் பின்னால் வந்து நின்றது காலடிச் சத்தத்தில் தெரிந்தது.

"ஏனுங்க, நாங்க பூவே கேக்கலீங்க. நான் சொன்னது பொய்யுங்க" என்றேன்.

வெல்லம் பிடித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "அப்பச் சரியுங்க. எங்க குலசாமி கோயில் கிட்டத்துலதான் இருக்குது. இப்பவே போயிப் பூக் கேட்டுரலாங்களா?" என்றார்.

நியாயமான பேச்சுதான். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் ஒரு சின்னக் குழந்தை கையை நீட்டி இரண்டு இலைப் பொட்டலங்களில் ஒன்றை எடுப்பது கண் முன்னால் வந்தது. என் வாழ்நாளில் சாமியைக் கண்டு அப்படிப் பயந்ததில்லை.

"வேண்டாமுங்க" என்றேன். "செவப்பு வந்துட்டா நான் இவ மூஞ்சிய எப்படிங்க பாப்பேன்? இவளுக்குப் புடிச்சிருக்குது. அது போதுமுங்க."

திரும்பி என் மகளைப் பார்த்தேன். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்குள்ளும் நான் ஏதாவது வைத்திருக்கிறேனா என்று தேடுகிற பார்வை. அந்தப் பார்வையை அவளுக்கு நான்தான் கொடுத்திருக்கிறேன்.

"நெசமாத்தான் சாமி" என்றேன்.