ஏழு கேபிள்களும் என் தங்கையின் கையெழுத்தும்

என் தங்கை ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்பில், மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டியில் முதல் பரிசு. ஓரிடத்தில் அரை நிமிடம் நிற்காதவள் அதில் எப்படி ஜெயித்தாள் என்று எங்கள் தெருவில் இன்னும் கேட்கிறார்கள். தொழிற்பயிற்சிக் கூடத்தில் வயரிங் தேர்வில் இரண்டாம் இடம். அம்மா எல்லோரிடமும் முதலிடம் என்றுதான் சொல்லி வருகிறாள். சான்றிதழில் இரண்டு என்று இருக்கிறது. இருபத்து மூன்று பேரில் அவள் ஒருத்திதான் பெண். பிறகு, பத்தொன்பது வருடமாகப் பெண்களை வேலைக்கு எடுக்காத இசைக்கருவிக் கடையின் பின்பக்கப் பட்டறையில் ஒரு நாற்காலி. அந்த நாற்காலிக்காக அப்பாவுடன் பதினான்கு மாதம் நடந்த சண்டையிலும் அவளுக்கே வெற்றி. இவ்வளவும் நடுங்கும் வலது கையோடு.

நடுக்கம் பிறந்ததிலிருந்தே உண்டு. நரம்பு அப்படி, ஆபத்து இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கை அந்தரத்தில் இருந்தால் ஆடும். எதன்மேலாவது ஊன்றிக்கொண்டால் அடங்கும். அதனால்தானோ என்னவோ அவள் கையைச் சும்மா வைப்பதில்லை. பூட்டிய கதவை மறுபடி பூட்டிப் பார்ப்பாள். இறுக்கி மூடிய டப்பாவை இன்னும் ஒரு திருகு திருகுவாள். அப்புறம் அந்த டப்பாவைத் திறக்க நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மல்லுக்கட்ட வேண்டும். வீட்டில் அவளுக்குத் 'துறுதுறு' என்று பெயர்.

கையெழுத்துதான் அவளுக்குக் கடைசிவரை வசப்படவில்லை. வங்கியில் மூன்று முறை போடச் சொன்னார்கள். மூன்றும் மூன்று மாதிரி வந்தன. "கைநாட்டே வெச்சிடும்மா, உனக்கும் நல்லது எனக்கும் நல்லது" என்றார் அங்கிருந்தவர். வயரிங் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் படிக்கத் தெரிந்தவள், மை தடவிய கட்டைவிரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். அதன்பிறகு எந்தக் காகிதம் வந்தாலும் கைநாட்டுதான்.

அவள் வேலை பெடல்போர்டு கட்டுவது. கிட்டார் வாசிப்பவர்கள் காலடியில் ஒரு பலகை வைத்திருப்பார்கள். அதில் சின்னச் சின்ன இரும்புப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். காலால் மிதித்தால் ஒன்று சத்தத்தைக் கரகரப்பாக்கும், ஒன்று எதிரொலிக்க வைக்கும். ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குச் சத்தத்தைக் கடத்துவது சாண் நீளம்கூட இல்லாத பேட்ச் கேபிள். அதில் ஒன்று செத்தாலும் மொத்தமும் ஊமை.

கேபிளின் முனையில் பிளக்கைப் பொருத்த இரண்டு வழிகள் உண்டு. ஈயத்தை உருக்கிப் பற்றவைப்பது ஒன்று. கடையில் அதை ஈயக் கேபிள் என்பார்கள். இன்னொன்று திருகு கேபிள். வயரை நேராக வெட்டி, பிளக்குக்குள் செருகி, குட்டித் திருகாணியை முடுக்கினால் அதன் கூர்முனை தோலைத் துளைத்து உள்ளே இருக்கும் கம்பி வலையைத் தொட்டுக்கொள்ளும். ஈயம் உறுதி, ஆனால் வைத்த நீளம் வைத்ததுதான். திருகை எங்கே வேண்டுமானாலும் வெட்டி மாற்றலாம், ஆனால் அளவாக முடுக்கத் தெரிய வேண்டும்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பலகையை முழுதாகக் கட்டியவர் அதன் அடிப்பக்கத்தில் வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் பெயரெழுதித் தேதி போடுவார். அதுவும் உடனே இல்லை. பலகை முதல் மேடை ஏறி இறங்க வேண்டும், கட்டியவர் மேடைக்குப் பின்னால் நின்று பார்த்திருக்க வேண்டும். ஊமையானால் கையெழுத்து கிடையாது.

தங்கைக்கு முதல் முழுப் பலகை இரண்டாம் வருடம் கிடைத்தது. நடுங்கும் கைக்கு ஈயம் எதற்கு என்று திருகு கேபிளில் கட்டினாள். மேடையில் மூன்றாவது பாட்டில் சத்தம் நின்றுவிட்டது. மறுநாள் முதலாளி கேபிளைப் பிரித்துக் காட்டினார். திருகாணி வலையையும் தாண்டி, சத்தம் போகும் நடுக்கம்பிவரை இறங்கி இரண்டையும் ஒட்டவைத்திருந்தது.

"எத்தனை தடவை முடுக்கின?"

"ஒரு தடவைதான் சார்." அப்புறம் மெதுவாக, "தினமும் ஒரு தடவை" என்றாள்.

"கேபிள் மேல தப்பில்லம்மா. உன் கை சும்மா இருக்க மாட்டேங்குது, அதான் வினை."

அன்றிலிருந்து திருகு கேபிள் என்றாலே அவளுக்கு ஆகாது. ஈயம் வைக்கப் பழகினாள். மணிக்கட்டை ஊன்றிக்கொள்ள என்னிடம் மெத்தை கேட்டாள். நான் ஆடைத் தொழிற்சாலையில் தையல் சரிபார்ப்பவள். எட்டாவதுவரைதான் படிப்பு என்றாலும் தையலில் என்னை ஏமாற்ற முடியாது. ஒன்பது அங்குலத்துக்கு மூன்று அங்குலம், உள்ளே சலித்த மணல், ஓரம் இரட்டைத் தையல். அதன்மேல் மணிக்கட்டை வைத்து எட்டு மாதம் பழகியதில் அவள் வைக்கும் ஈயம் பனித்துளிபோல உட்கார்ந்தது.

நாலாம் வருடம் ஒரு கிட்டார்காரர் எட்டுப் பெட்டிகளோடு வந்தார். வேனில் பன்னிரண்டு ஊர் போகப்போகிறார். முதலாளி தங்கையைக் கூப்பிட்டு, "இது முழுசும் உன்னுது. ஈயமா திருகான்னு நீயே முடிவு பண்ணிக்கோ" என்றார். சரியாக வந்தால் அடிப்பக்கத்தில் அவள் பெயர். வராவிட்டால் மூன்றாவது வாய்ப்பு என்று ஒன்று இருக்காது. அதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

அந்த வாரம் வீட்டில் இருக்க முடியவில்லை. பல் துலக்கிக்கொண்டே நடப்பாள், தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நடப்பாள்.

"உக்காந்து சாப்பிடேன்டி. உன்னைப் பாத்து எனக்குத் தலை சுத்துது."

"உக்காந்தா யோசனை நின்னுடுதுக்கா."

"நடந்தா மட்டும் என்ன கிழிச்ச?"

"ஈயம்தான். முடிவு பண்ணிட்டேன்." கதவுவரை போய்த் திரும்பி வந்தாள். "பண்ணிட்டேன்னுதான் நினைக்கிறேன்."

எட்டுப் பெட்டிக்கு நடுவே ஏழு கேபிள்கள். ஏழையும் ஈயத்தில் செய்தாள். புதன்கிழமை கிட்டார்காரர் வந்து வாசித்துப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. வாசித்து முடித்தவர் சட்டென்று மண்டியிட்டு, ஏழாவது பெட்டியைப் பெயர்த்து ஆறாவதுக்கு முன்னால் வைத்தார். கேபிள் எட்டவில்லை.

"என்னண்ணே பண்றீங்க?" என்றாள் தங்கை.

"இது இங்க இருந்தாத்தான் நல்லா இருக்கும்மா. நாளைக்கு வேற மாதிரி தோணும். நான் மாத்திக்கிட்டேதான் இருப்பேன், பழக்கம்."

"மாத்தாம இருக்க முடியாதா?"

"நீ கையை ஆட்டாம இருப்பியா?"

அவர் குத்திக் காட்டவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவள் வீட்டுக்கு வந்தபோது முகம் வெந்திருந்தது. ஏழு கேபிள்களும் அவள் பையில் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"பாருக்கா. எதுலயாவது குறை இருக்கா?"

பார்த்தேன். ஒரு பிசிறுகூட இல்லை. அப்படியே சொன்னேன்.

"அப்ப அந்தாளுதானே மாறணும்? எனக்கு ஈயம் வைக்கத் தெரியும்னு காட்ட இது ஒண்ணுதான்க்கா இருக்கு. மறுபடியும் திருகாணியைக் கையில எடுத்தா, எல்லாரும் என்ன சொல்வாங்க? கை ஆடுது, அதான் சுலபமானதுக்குப் போயிட்டான்னு சொல்வாங்க."

கேபிள்களைப் பையில் போட்டாள். எழுந்து நடக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை அவரை மறுபடி கடைக்கு வரவழைத்தாள். கடையில் கிடந்த நீளமான கேபிள்களைப் போட்டுக்கொடுத்து, பெட்டிகளை இஷ்டத்துக்கு மாற்றி மாற்றி வாசிக்கச் சொல்லி, பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அவர் ஒரு பெட்டியை நகர்த்தும்போதெல்லாம் அதன்மேல் துண்டு டேப் ஒட்டினாள். ஒன்றே கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள் என்று முதலாளியே பிறகு என்னிடம் சொன்னார். அந்தச் சைக்கிள் போட்டிக்கு அப்புறம் அப்படியொன்றை நான் கேள்விப்படவில்லை.

முடிவில் முதல் ஐந்து பெட்டிகள்மேல் ஒரு டேப்கூட இல்லை. கடைசி மூன்றின்மேல் மட்டும் அடை அடையாக ஒட்டியிருந்தது.

"அண்ணே, நீங்க எல்லாத்தையும் மாத்தல. இந்த மூணைத்தான் போட்டுப் புரட்டுறீங்க."

"அப்படியா? எனக்கே தெரியாதேம்மா!"

முதல் ஐந்துக்கு நடுவே உள்ள நாலும் ஈயமாகவே நின்றன. மீதி மூன்றுக்கும் பதிலாக, கொஞ்சம் நீளம் கூட்டித் திருகு கேபிள் போட்டாள். வழியில் வெட்டி மாற்றிக்கொள்ள ஒன்றரை முழம் வயரும் நாலு பிளக்கும் தனியாகக் கட்டி வைத்தாள். அப்புறம்தான் எனக்கு வேலை வந்தது. என் சிவப்பு நகப்பூச்சை எடுத்துக்கொண்டு போய், முடுக்கிய ஒவ்வொரு திருகாணியின் தலையிலிருந்து பிளக்கின் விளிம்புவரை ஒரு கோடு இழுத்தாள். திருகாணி மயிரிழை திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

சாயங்காலம் திருப்புளியை என் கையில் திணித்தாள். "நிகழ்ச்சி வரைக்கும் உன்கிட்ட இருக்கட்டும். நான் கேட்டாலும் தராத. அழுதாலும் தராத."

இரண்டே நாளில் ஆறு முறை கேட்டாள். ஒருமுறை கண்ணாடி ஸ்குரூ லூசாக இருக்கிறது என்றாள்.

"நீ எப்போடி கண்ணாடி போட்ட?"

"உன்னோட கண்ணாடிக்குக்கா!"

தரவில்லை.

நிகழ்ச்சி பிற்பகலில், திறந்தவெளியில். நானும் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். திருப்புளியைக் கிட்டார்காரரிடம் ஒப்படைத்தேன். இனி அது அவர் பலகையோடு போக வேண்டியது. சோதித்துப் பார்க்கும்போதே அவர் குனிந்து எட்டாவது பெட்டியை ஆறாவது இடத்துக்கு நகர்த்தினார். தங்கை என் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்தாள். கேபிள் எட்டியது. சத்தமும் வந்தது.

மூன்றாவது பாட்டு வரும்வரை அவள் மேடைக்குப் பின்னால் பத்தடிக்குள் நடந்தபடியே இருந்தாள். அந்தப் பாட்டின் நடுவில் கிட்டார் நின்றது. சுத்தமாகச் சத்தம் இல்லை.

"அக்கா, குடு. திருப்புளியைக் குடு!"

"என்கிட்ட ஏதுடி? அவர்கிட்ட கொடுத்தாச்சே!"

அவள் மேடைப் படியில் ஒரு காலை வைத்துவிட்டாள். அதற்குள் கிட்டார்காரர் ஒரு பெட்டியை மிதித்தார். நின்ற இடத்திலிருந்து பாட்டு இரண்டு மடங்கு சத்தத்தோடு எழும்பியது. அவரேதான் நிறுத்தியிருந்தார். அந்த இடத்தில் அமைதி வேண்டுமாம். தங்கை அந்தப் படியிலேயே உட்கார்ந்தவள், நிகழ்ச்சி முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

முடிந்ததும் முதலாளி குனிந்து கேபிள்களைப் பார்த்தார். ஆறு சிவப்புக் கோடுகளும் உடையாமல் இருந்தன. பலகையைப் புரட்டிவிட்டு, சட்டைப்பையிலிருந்து பெயிண்ட் பேனாவை எடுத்து நீட்டினார்.

"சார், என் கையெழுத்து ஒரு தடவை மாதிரி ஒரு தடவை வராது."

"இது என்ன வங்கியா, ஒத்துப்பாக்க? போடும்மா."

மணல் மெத்தை கடையில் இருந்தது. நான் கைப்பையைக் கீழே வைத்தேன். அவள் அதன்மேல் மணிக்கட்டை ஊன்றினாள். எழுத்துகள் கொஞ்சம் அலைந்தன, கடைசி எழுத்து மேலே ஏறிவிட்டது, ஆனால் முழுப் பெயரும் இருந்தது. மை காயும்வரை ஊதிவிட்டு, அதன்கீழ் தேதியையும் எழுதினாள்: 14 செப்டம்பர் 2019, சனிக்கிழமை.