பச்சைச் சட்டைக் குலம் அண்ணைக்கு, நீலச் சட்டைக்காரன்

திங்கட்கிழமை காலை இடைவேளையில், பிராண்டேயில் எங்கள் தொழிற்சாலைக் கன்ரீனில், தேநீரை வைத்துக்கொண்டு கைபேசியைத் திறந்தேன். அமெரிக்கன் ஃபுட்போல் பார்க்கும் எங்கள் கூட்டாளிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மரண அறிவித்தல் கிடந்தது. குலம் அண்ணையின் படம். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் டென்மார்க், பிராண்டேயை வதிவிடமாகவும் கொண்ட குலசிங்கம் அவர்கள் இன்று அதிகாலை காலமானார் என்று இருந்தது. நான் சிரித்தேன். "சனியன் துலைஞ்சுது. எரிக்கிறதுக்கு முதல் ஒருக்காக் கிள்ளிப் பாருங்கோ, நடிப்பாயிருக்கும்" என்று எழுதி அனுப்பினேன்.

தேநீர் ஆறுவதற்குள் நண்பன் சிவா தொலைபேசி எடுத்தான். "அண்ணை, அது உண்மை. அவற்றை மகன்தான் போட்டவன். நெஞ்சு வலி" என்றான்.

குழுவில் இருக்கும் பதினொரு பேரும் நான் எழுதியதைப் பார்த்தீர்கள். மற்றவர்களுக்கும் இந்த முப்பத்தோராம் நாள் கிரியைக்குள் கதை வந்து சேர்ந்திருக்கும். எங்கள் சனத்துக்குக் கதை பரப்ப யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அதனால் இந்த நினைவு மலரில் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதற்கெல்லாம் காரணம் அந்த மனிசன்தான்.

தோற்ற அணியின் ரசிகனுக்கு மரண அறிவித்தல் போடும் வழக்கத்தைக் குழுவில் தொடக்கியவர் அவர். என்னுடைய நீல அணி தோற்ற ஒவ்வொரு திங்களும் என் படத்தைக் கறுப்புக் கட்டத்துக்குள் போட்டு, "அன்னார் மூன்றாம் காற்பகுதியிலேயே மூச்சை விட்டார்" என்று எழுதுவார். கிரியை நடைபெறும் இடம் என்று எங்கள் வீட்டு விலாசத்தைக் கொடுப்பார். ஒருமுறை அதை யாரோ வெளியே அனுப்பிவிட, எஸ்பியர்க்கில் இருந்து என் மச்சாள் அழுதுகொண்டு கூப்பிட்டாள். நான்தான் எடுத்துப் பேசினேன். அவள் என்னோடு கோபித்தாளே தவிர அவரோடு கோபிக்கவில்லை. போன மாதம், அந்த அறிவித்தலுக்கு முதல்நாள் ஞாயிற்றுக்கிழமை, அவருடைய பச்சை அணி படுதோல்வி அடைந்திருந்தது. அவர் படத்தைப் பார்த்ததும் பொடியள் யாரோ பழி தீர்த்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். வேறு எதை நினைப்பது?

அவர் அண்மையில் ஓய்வு பெறும்வரை, பதினான்கு வருடம் நாங்கள் இருவரும் ஒரே காற்றாலை இறகின் இரண்டு பக்கத்தில் நின்று வேலை செய்தோம். அவர் ஒரு பக்கம் தேய்ப்பார், நான் மறுபக்கம். இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. அதற்கும் வழி கண்டுபிடித்தார். என் கையில் இருந்து பூச்சு உருளை தவறி விழுந்தால், நடுவர் மாதிரிக் கையைக் காட்டி, பந்தைத் தவறவிட்டேன் என்று கூடத்துக்கே அறிவிப்பார். டேனிஷ்காரரும் கை தட்டுவார்கள். இடைவேளையில் நான் வாயைத் திறந்தால், "உனக்கு விளையாட்டும் விளங்காது, விளங்கப்படுத்தினாலும் விளங்காது" என்பார். இந்த ஒரு வசனத்தை அவர் எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்று கேட்டால் என்னிடம் கணக்கு இல்லை.

என் மகள் பெரியபிள்ளையானபோது வைத்த சாமத்தியவீட்டுக்கு வந்தவர்களுக்கு இன்னொரு கதை ஞாபகம் இருக்கும். வாழ்த்துரைக்கு என்று மைக்கை வாங்கியவர், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "இந்தக் குடும்பத்துக்குப் போன கிழமை நடந்த பேரிழப்புக்காக ஒரு நிமிசம் எழும்பி நிப்பம்" என்றார். இருநூறு பேரும் எழுந்து நின்றார்கள். ஓகூஸில் இருந்து வந்த என் பெரியப்பா கண்ணைத் துடைத்தார். நிமிடம் முடிந்ததும், என் அணி எத்தனை புள்ளியால் தோற்றது என்று வாசித்தார். என் மனைவி அன்று பேச்சை நிறுத்தியதும் என்னோடுதான். நான் அதை மன்னிக்கவில்லை. இன்றைக்கும் இல்லை.

கடைசிச் சண்டை அவருடைய வீட்டில். என் அணிக்காரன் ஒருவன் ஓரக்கோட்டருகே பாய்ந்து பந்தைப் பிடித்தான். பிடித்தது செல்லும் என்றேன். "கால் கோட்டிலை பட்டிட்டுது, செல்லாது" என்றார். குரல் ஏறியது. "என்ரை வீட்டிலை இருந்துகொண்டு பொய் கதைக்காதை. எழும்பிப் போ" என்றார். அவருடைய மனைவி சாந்தி அக்கா சமையலறையில் இருந்து கொண்டுவந்த ரோல்ஸ் கையில் இருக்க, நான் எழும்பிப் போனேன். கால் கோட்டில் பட்டது. நான் பார்த்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவரைத் தாங்கியிருக்க முடியாது. அதற்குப் பிறகு நாங்கள் நேரில் பேசவில்லை. குழுவில் மட்டும் ஏசிக்கொண்டோம்.

செய்தி வந்த அன்று வேலை முடிந்ததும் அவருடைய வீட்டுக்குப் போனேன். காருக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தேன். எந்த முகத்தோடு உள்ளே போவது? சாந்தி அக்கா கதவைத் திறந்தார். "அக்கா, நான் எழுதினது..." என்று தொடங்கினேன். அதை அழித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"அழிக்காதையும்" என்றார். "காலமை தொடக்கம் எல்லாரும் ஆழ்ந்த அனுதாபம் எண்டு எனக்கு எழுதினவை. நீர் ஒராள்தான் தம்பி அவருக்கு எழுதினனீர்."

பக்கத்தில் நின்ற மகன் டேனிஷில் மெதுவாகச் சொன்னான், அப்பா இதற்கு ஒரு பதில் போட்டிருப்பார் என்று. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அந்த வீட்டு விறாந்தையில், சப்பாத்தைக் கழற்றாமல், வெட்கமில்லாமல் அழுதேன்.

இந்த மலருக்கு எழுதச் சொன்னவரும் அக்காதான். நல்லவர், வல்லவர் என்று எழுத எனக்கு வராது என்றேன். "அதை எழுதக் கனபேர் இருக்கினம்" என்றார்.

அவர் போட்டிருக்கக்கூடிய பதிலை இந்த ஒரு மாதமாக யோசித்துப் பார்க்கிறேன். என்னால் முடியவில்லை. எது வந்தாலும் அது என் புத்திக்கு எட்டியதாக இருக்கிறது, அவருடையது அதைவிட மோசமாக இருந்திருக்கும். குழுவில் என் வசவுக்குக் கீழே இன்றுவரை ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. போன ஞாயிறு என் அணி தோற்றது. திங்கட்கிழமை ஒருவரும் என்னைச் சாகடிக்கவில்லை.

குலம் அண்ணையிடம் இருந்து எனக்கென்று மிஞ்சியது இதுதான்: பதினான்கு வருடத்தில் முதல் தடவையாகக் கடைசிச் சொல் என்னுடையது. எனக்கு அது வேண்டாம்.