அஞ்சரை வண்டி ஓடுகிறது

என் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் என் வாக்கியங்கள் சட்டமன்ற நூலகத்தில் அட்டை போட்டு அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. கீழே அமைச்சர் பெயர்தான் இருக்கும். அதில் எனக்கு வருத்தமில்லை. கல்யாணப் பத்திரிகையில் சமையல்காரர் பெயரையா போடுகிறார்கள்?

பேருந்துகளைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்தில் இருபது வருடத்துக்கும் மேலாக இருக்கிறேன். சட்டமன்ற உறுப்பினர்கள் எழுதிக் கேட்கும் வினாக்களுக்கு விடை தயாரிப்பதுதான் என் மேசையின் வேலை. சபையில் எழுந்து கேட்கும் கேள்வி வேறு ரகம். அதற்கு அமைச்சர் வாயால் பதில் சொல்ல வேண்டும், உறுப்பினர் விடாமல் துணைக்கேள்வி போடலாம். எழுத்தில் கேட்டதற்கு எழுத்தில் விடை. அது அச்சாகி அவையின் மேசைமேல் வைக்கப்படும், அத்தோடு சரி. திருப்பிக் கேட்காதவர்களிடம் பேசுவதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது. வீட்டில் எனக்கு அது வாய்த்ததில்லை.

வினா பெரும்பாலும் மூன்று காலில் நிற்கும். (அ) இன்ன ஊருக்கு இன்ன வண்டி இயக்கப்படுகிறதா? (ஆ) இல்லையெனில் காரணம் என்ன? (இ) இயக்க அரசு முன்வருமா? முதல் காலைத் தட்டிவிட்டால் மற்ற இரண்டும் தாமாகவே மடங்கிவிடும். (அ)வுக்கு ‘ஆம்’ என்றால் மற்றவற்றுக்கு எதிரே ‘வினா எழவில்லை’. (அ)வுக்கு ‘இல்லை’ என்றால் கொஞ்சம் கூடுதல் வேலை. கடைசியில் ‘அத்தகைய கருத்துரு ஏதும் தற்போது அரசின் பரிசீலனையில் இல்லை’ என்று முடிக்க வேண்டும். இதை எத்தனை ஊருக்கு எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒருமுறை மனைவி ஃபிரிட்ஜை மாற்றலாமா என்று கேட்டபோது பழக்கதோஷத்தில் அதையே சொல்லிவிட்டேன். அன்று இரவு எனக்குச் சாப்பாடும் பரிசீலனையில் இல்லை.

நாங்கள் இருப்பது கோவில்பதாகையில், நெல் விளைந்த நிலத்தில் எழும்பிய அடுக்குமாடி ஒன்றில். நிலத்தை விற்ற குடும்பம் பக்கத்திலேயே பழைய ஓட்டு வீட்டில் இருக்கிறது. அந்த வீட்டு மருமகள்தான் இந்தக் கதைக்குக் காரணம். கதை கெட்டதற்குக் காரணம் நான். அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் முதல் ஷிப்ட் பார்த்தாள். காலை ஆறரைக்குள் கேட்டுக்குள் இருக்க வேண்டும். மதியம் இரண்டரைக்கு விட்டுவிடுவார்கள். மூன்றாவது படிக்கும் மகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் வீடு திரும்பிவிடலாம். வேறு எந்த ஷிப்ட்டும் அவளுக்குச் சரிப்படாது. வீட்டுக்காரர் லாரி ஓட்டப் போனால் வர வாரமாகும்.

எனக்குச் சர்க்கரை. நடக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு. தினமும் விடியலில் நடப்பேன், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடை வரை. அங்கே போய் நடந்ததற்கு ஈடாக ஒரு டீ, சர்க்கரை தூக்கலாக. எதிரே அவளும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் டிபன் பையோடு நிற்பார்கள். அட்டவணைப்படி காலை ஐந்தரைக்கு ஒரு வண்டி உண்டு. ஊரில் அதற்கு அஞ்சரை வண்டி என்று பெயர். பெயர் இருந்தது, வண்டிதான் வந்து பல மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் ஒரு பத்து நிமிடம் பார்ப்பார்கள், பிறகு ஆவடி ரோடு வரை நடப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் வாசலுக்கு வந்தாள்.

“ண்ணா, நீங்க பஸ் ஆபீசுலதானே கீறீங்க. அஞ்சரை வண்டி ஓடுதா இல்லியான்னு கவர்மெண்டு வாயாலயே சொல்ல வெக்கணும். இன்னா பண்றது?”

அப்போதே ஏன் என்று கேட்டிருக்கலாம். ஆனால் என் வித்தையைத் தேடி ஒருவர் வீட்டுக்கு வருவது அதுவே முதல்முறை. தலைகால் புரியவில்லை.

“எம்.எல்.ஏ. ஆபீஸ்ல குடும்மா. அவங்க கேள்வியா போடுவாங்க. நானே எழுதித் தர்றேன்.”

“ஒரே ஒரு கேள்விதாண்ணா. ஓடுதா, ஓடலியா. அவ்ளோதான்.”

“அது எப்படிம்மா, மூணு உட்பிரிவு இருந்தாத்தான் கேள்விக்கே ஒரு மரியாதை.”

“மிச்சத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது? சரி, நீங்க படிச்சவரு. எழுதுங்க.”

எழுதினேன். ‘அதிகாலைப் பணிக்குச் செல்லும் மகளிர் நலன் கருதி’ என்று ஒரு தோரணமும் கட்டினேன்.

சில வாரம் கழித்து, கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தபோது, அந்த வினா என் மேசைக்கே வந்து சேர்ந்தது. தோரணம் அப்படியே இருந்தது. வழக்கப்படி பணிமனையிடம் அறிக்கை கேட்டேன், மாலைக்குள் வேண்டும் என்று. அரை மணியில் வந்துவிட்டது, ஒரே வரி: ‘அட்டவணைப்படி இயக்கப்படுகிறது.’

போனில் பிடித்தேன். அந்தப் பக்கம் என்னைப் போலவே ஓர் எழுத்தர்.

“அஞ்சரை வண்டி ஓடுதா?”

“அட்டவணைல இருக்கில்ல சார்?”

“அட்டவணைல இருக்கு. ரோட்டுல இருக்கா?”

“டிரைவர் வந்தா கண்டக்டர் லீவு சார். ரெண்டு பேரும் வந்தா வண்டி எப்.சி. செக்கிங்குக்குப் போயிருக்கும். யாரை நொந்துக்கறது?”

“அப்ப ஓடலைன்னு எழுதி அனுப்புங்க.”

“அனுப்பறேன். மேனேஜருக்கு மெமோ வரும். அவருக்கு வந்தா எனக்கு வரும். எனக்கு வந்தா யார் கேட்டதுன்னு உங்களுக்கும் வரும். சொல்லுங்க சார், அனுப்பட்டுமா?”

நான் செய்திருக்க வேண்டியது எளிது. அறிக்கையைத் திருப்பி அனுப்பி, எந்தெந்தத் தேதியில் ஓடியது என்று பதிவேட்டு நகல் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அன்று எனக்கு மூளை அபாரமாக வேலை செய்தது. அது வேலை செய்யும் நாட்களில்தான் எனக்குக் கஷ்டம். ‘இல்லை’ என்று எழுதினால் என்ன ஆகும்? காரணம் பற்றாக்குறை, கருத்துரு பரிசீலனையில் இல்லை, முடிந்தது கதை. ‘ஆம்’ என்று எழுதினால்? அரசு அவைக்கே வாக்குக் கொடுத்த மாதிரி. நாளைக்கு வண்டி வராவிட்டால் அவைக்குப் பொய் சொன்னதாகிவிடும். பணிமனை நடுங்கிக்கொண்டு ஓட்டும். அவர்கள் பொய்யிலேயே அவர்களை மாட்ட வைக்கிறேன் பார் என்று நினைத்தேன்.

‘(அ) ஆம். தங்குதடையின்றி இயக்கப்படுகிறது. (ஆ), (இ) வினா எழவில்லை.’

தங்குதடையின்றி என்பது பணிமனை சொன்னதில்லை. முடிச்சு இறுகட்டும் என்று நானாகச் சேர்த்தது. மேலதிகாரி கையெழுத்துப் போட்டார். இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் அந்த ஒரு சொல்லின் ராஜதந்திரத்தை விளக்கினேன். “குழம்பு ஆறுது” என்றாள்.

விடை அவையில் வைக்கப்பட்ட வாரம் அஞ்சரை வண்டி வந்தது. கழுவித் துடைத்து, பலகையெல்லாம் மாட்டி. நான் டீ கிளாசோடு எழுந்து நின்றே விட்டேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஏறினார்கள். அவள் கடைசியாகப் படியில் கால் வைத்தபோது என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் சந்தோஷம் இல்லை. ஏதோ பறிகொடுத்தவள் மாதிரி இருந்தாள். தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள் வரவில்லை. அதன்பிறகு வரவே இல்லை.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் கைப்பேசியோடு வந்தாள். எம்.எல்.ஏ. ஆபீசிலிருந்து விடையைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பியிருந்தார்கள்.

“ண்ணா, இத்த ஒரு தபா படிச்சி சொல்லுங்க. நான் படிச்சது தப்பாக்கூட இருக்கும்.”

நான் எழுதியதை நானே, முதன்முறை பார்ப்பவன் போல எழுத்துக்கூட்டிப் படித்தேன். நடிப்பில் குறை சொல்ல முடியாது.

“நல்ல பதில்தாம்மா. இதை வச்சே டிப்போவை ஒரு வழி பண்ணிடலாம். திரும்ப வண்டி…”

“எனக்கு வண்டி வேணாம்ணா.”

நான் கைப்பேசியிலிருந்து நிமிர்ந்தேன்.

“அஞ்சரை வண்டி வராதுன்னு எங்க தெரு நாய்க்குக்கூடத் தெரியும். எனக்கு வேண்டியது வராதுன்னு ஒரு பேப்பரு. பஸ் இல்லாத ஊருக்குத்தான் வேன் வுடுவோம், பஸ் இல்லன்னு கவர்மெண்டு பேப்பர் எடுத்தாந்தா, உங்க ஊருக்கும் வுடறோம்னு கம்பெனில சொன்னாங்க. எத்தக் கேட்டாலும் இல்லன்னு சொல்றதுதானேண்ணா கவர்மெண்டு. அத்த நம்பித்தான் போனேன்.”

இருபது வருடமாகத் தமிழ்நாட்டில் பாதி ஊருக்கு ‘இல்லை’ எழுதிய கை இது. அந்தச் சொல்லுக்காகவே ஒருத்தி வந்து நின்றபோது ‘ஆம்’ எழுதியிருக்கிறது.

“சூப்பர்வைசரு பதில் எங்கன்னு தெனம் கேட்டுகினே இருந்தான். காட்டுனேன். இன்னாம்மா, தங்குதடையின்றி ஓடுதாம், நீ இங்க வந்து கதை வுட்டுகினு கீறியான்னான். இத்தினி நாளு பாவம்னு வேப்பம்பட்டுலேந்து வர்ற கம்பெனி வேனை ஆவடி ரோட்டுல நிறுத்தி ஏத்திகினு போனாங்க. பஸ் கீற ஊருக்கு வேன்ல எடம் இல்லன்னு அதையும் நிறுத்திட்டாங்க. இந்த வாரத்துல ரெண்டு நாளு லேட்டு. மூணாவது நாளு கேட்டுலயே திருப்பி அனுப்பிடுவான்.”

சமையலறையிலிருந்து மனைவி காபியோடு வந்தாள். அவள் கையில் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“சொல்லுங்க. உங்க எழுத்துதானே அது? குழம்பு ஆற ஆற விளக்குனீங்களே.”

வந்தவள் காபியை ஆற்றவில்லை, குடிக்கவுமில்லை. “நீங்களாண்ணா?”

“நல்லதுக்குத்தாம்மா. ஆம்னு எழுதினா அவங்க ஓட்டித்தான் ஆகணும்னு…”

“எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

அவள் காபியைக் கடைசிச் சொட்டு வரை நிதானமாகக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தாள்.

“இனிமே நல்லது பண்ணணும்னு தோணுச்சுனா முன்னாடியே சொல்லிடுங்கண்ணா. நாங்க ஊட்டப் பூட்டிகினு எங்கனா போய்க்கறோம்.” படியிறங்கும்போது திரும்பினாள். “அத்த மாத்த முடியுமா?”

“பாக்கறேம்மா” என்றேன். எங்கள் அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது அவளுக்குத் தெரியாது.

ஆனால் உண்மையிலேயே பார்த்தேன், இதையாவது நம்புங்கள். மறுநாளே ஒரு குறிப்பு எழுதி மேலதிகாரி முன் வைத்தேன்: அவையில் வைத்த விடை நடைமுறைக்கு மாறாக உள்ளது, திருத்தம் தேவை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

“வண்டி ஓடலைன்னு உமக்கு எப்படித் தெரியும்?”

“எதிர்ல உக்காந்து டீ குடிப்பேன் சார். தினமும்.”

“நீர் டீ குடிச்சதுக்குக் கோப்புல பதிவு இருக்கா?”

“இல்ல சார்.”

“பணிமனை ஓடுதுன்னு எழுதியிருக்கு. அது இருக்கு. சபைக்குத் தந்த விடையைத் திருத்தணும்னா அமைச்சரே சபையில சொல்லணும். சொல்றதுக்கு முன்னாடி, யாருய்யா எழுதினதுன்னு கேப்பார். தங்குதடையின்றின்னு பணிமனை எழுதியிருக்கா?”

“இல்ல சார்.”

“ரிட்டயர்மெண்டுக்கு எவ்வளவு நாள் இருக்கு?”

சொன்னேன். அவர் குறிப்பை மடித்து என் பக்கம் நகர்த்தினார். “இதை நான் பாக்கலை” என்றார். திட்டவில்லை. நல்ல மனிதர். அவருக்கும் ஓய்வுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது.

குறிப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தால் நான் வேறு மனிதன். எடுத்துக்கொண்டு வந்தேன். நான்காகக் கிழித்தேன். கிழித்ததைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன், குப்பைக்கூடையில் போட்டால் யாராவது பார்ப்பார்கள் என்று. வீர சாகசங்களில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். அன்றிலிருந்து வாக்கிங் மொட்டை மாடியில். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்தது அதுதான் முதல்முறை. எனக்கு அதில் ஒரு சுகமும் இல்லை.

மூன்றாவது தாமதம் வர அதிக நாள் ஆகவில்லை. முதல் ஷிப்ட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டாவது ஷிப்ட் என்றால் மதியம் போனால் ராத்திரி பதினொன்றுக்கு வீடு. மகளை யாரிடம் விடுவது?

மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள், கையில் ஒரு வெள்ளைத் தாளோடு. வாசலிலேயே நின்றுகொண்டாள்.

“வேலைய வுடறேன்ணா. லெட்டர் எழுதித் தரணும். கம்பெனில எழுதிக் கேக்கறாங்க.”

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. பேனாவைத் திறந்தவுடன் கை தன் போக்கில் ‘தவிர்க்க இயலாத குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்று தொடங்கிவிட்டது. எட்டிப் பார்த்தாள்.

“ஊட்டுல ஒரு சூழ்நிலையும் இல்லண்ணா. அத்த அடிச்சிட்டு நான் சொல்றத மட்டும் எழுதுங்க.”

வேறு தாள் எடுத்தேன். அவள் சொன்னாள், நான் எழுதினேன். ‘எங்கள் ஊருக்குக் காலை ஐந்தரை மணிப் பேருந்து வருவதில்லை. கம்பெனி வேனும் ஏற்றுவதில்லை. நேரத்துக்கு வர முடியவில்லை. வேலையை விடுகிறேன்.’ மூன்றாம் வரியில் என் கை எதையோ சேர்க்கத் துடித்தது. சேர்க்கவில்லை.

ஒரு முறை விரல் வைத்துப் படித்துவிட்டு, சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். மறுநாளே கம்பெனியில் வாங்கிக்கொண்டார்களாம். பேருந்து வருவதில்லை என்பதற்கு யாரும் ஆதாரம் கேட்கவில்லை என்று பிறகு என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.